மூக்குக்குத் தெரியாத சனம்

“அங்க ஆளே இல்லையேம்மா” என்றார் பொறியாளர் வித்யாதரன்.

பேச்சிக்கனி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த குதிகால் இரண்டும் காற்று வாரிய அலுவலகத்தின் வழுவழுத் தரையில் வெள்ளைத் தடம் பதித்திருந்தன. அவள் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த அன்னபாக்கியம் முந்திக்கொண்டாள்.

“அப்ப நாங்க யாரு சாரு, பேயா? பேய்னா பேய்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. ரேசன் கடையில காட்டுனா வரிசையில நிக்காம வாங்கலாம்லா.”

வித்யாதரன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நாள் முழுக்கப் புகார் கேட்கிறவருடைய சலிப்போடு சுவரில் இருந்த திரையைக் காட்டினார். கடற்கரை முழுக்க அதில் விரிந்து கிடந்தது. ஊர்கள் பச்சைப் புள்ளிகளாக மினுங்கின. பேச்சிக்கனி குடியிருக்கும் சங்குமேடும் பச்சையாகத்தான் இருந்தது. அதைத் தாண்டிக் கிழக்கே, அவள் வேலை பார்க்கும் உப்பளமும் இன்னும் சில இடங்களும் காயப்போட்ட வேட்டி மாதிரி வெறும் வெள்ளை.

“பச்சைன்னா ஆள் இருக்கு. வெள்ளைன்னா இல்ல. ஆள் இல்லாத எடத்துலதான் புகைய இறக்கணும்னு கோர்ட்டு உத்தரவு. நாங்க உத்தரவத் தாண்டல.”

“கருக்கல்ல எறங்குனா வெயில் ஏறுத வரைக்கும் நாங்க அந்தப் பாத்தியிலதான் கெடக்கோம்” என்றாள் பேச்சிக்கனி. “அந்த நேரம் பாத்து மஞ்சப் புகையக் கொண்டாந்து தலையில கொட்டுதிய.”

“கொட்டுறது நாங்க இல்லம்மா. மெஷின்.”

“மெஷினு யாருது?”

வித்யாதரன் மேசைப் புட்டியை எடுத்தார். தண்ணீர் குடித்தார்.

அந்தக் கரையில் நாலு ஆலைகள் இருந்தன. முன்னெல்லாம் அவற்றின் புகை காற்று இழுத்த இழுப்புக்குப் போயிற்று. பகலில் கடல்காற்று ஊருக்குள் தள்ளும், இரவில் கரைக்காற்று கடலுக்குள் கொண்டுபோகும். எவனுக்கு எவ்வளவு புகை என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. பிறகு பக்கத்து மாநிலத்துக்காரன் தன் மழைத் தண்ணீரைச் சோதித்து, இது உங்கள் ஊர் அமிலம் என்றான். கடலுக்கு அந்தப் பக்கத்து நாடும் அதையே சொல்லிற்று. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, கடைசியில் தீர்ப்பு வந்தது. அவரவர் புகையை அவரவர் மாவட்டத்துக்குள்ளேயே இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்காக முளைத்தவைதான் கோபுரங்கள். ஆலையோரம் நிற்பதை ஊர்க்காரர்கள் ஊதுகோபுரம் என்றார்கள். மாவட்டமெங்கும் பரவி நிற்பவற்றை அமுக்குகோபுரம் என்றார்கள்.

“கேளுங்க” என்று வித்யாதரன் கொஞ்சம் இறங்கி வந்தார். “விடியுறதுக்கு முன்னால தரையோரக் காத்து குளுந்து கனத்துக் கெடக்கும். அதுக்கு மேல சூடான காத்து மூடி போட்ட மாதிரி உக்காந்திருக்கும். புகை அந்த மூடியத் தாண்டாம ஊருக்குள்ளயே சுத்தும். அந்த நேரந்தான் ரொம்ப ஆபத்து. ஊதுகோபுரம் மூடியில ஓட்டை போட்டுப் புகைய மேல ஏத்துது. மேல காத்து ஆறு மாதிரி ஓடுது. அதுல மிதந்து போற புகைய, வேணுங்கிற எடத்துல காத்தக் குளுர வச்சுக் கீழ அமுக்குறோம்.”

“வேணுங்கிற எடம் எங்க தலைதானா?”

“ஆள் இல்லாத எடம்.”

“ஆள் இருக்கா இல்லையான்னு ஒங்க மெஷினுக்கு எப்படித் தெரியும்? கண்ணு இருக்கா?”

“கண்ணு வைக்கக் கூடாதுன்னு சனங்கதான் கேஸ் போட்டாங்க. வீட்டுக்கு மேல கேமரா பறக்கக் கூடாது, போனை வச்சு ஆளை எண்ணக் கூடாதுன்னு. அதனால மூக்கு வச்சிருக்கோம். கம்பத்துல சாம்பல் கலர்ப் பெட்டி இருக்கே, அது. அடுப்பு எரிஞ்சா காத்துல அதுக்குன்னு ஒரு வாசம் வரும். எண்ணெய் காயுறது, கடுகு வெடிக்கிறது, மீன் பொரியுறது. வேற எதுலயும் அந்தக் கலவை வராது. அடுப்பு இருந்தா குடும்பம், குடும்பம் இருந்தா ஆள். சுலபமான கணக்கு.”

“சுலபம்தான்” என்றாள் பேச்சிக்கனி. “அடுப்ப வீட்டுல வச்சிட்டு வேலைக்குப் போறவளுக்கு மூச்சு கெடையாது, அப்படித்தான?”

“விதிய மாத்தணும்னா கமிட்டி கூடணும்மா. எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

“கமிட்டி கூடுத வரைக்கும் ஆலைய நிப்பாட்டி வைங்க.”

“உலைய அணைக்க முடியாது. அணைச்சா திரும்பப் பத்தவைக்க மாசக்கணக்காகும். அது நடக்காத காரியம்.”

பேருந்தில் வரும்போது அன்னபாக்கியம் வாரியத்தின் ஏழு தலைமுறையையும் வாயார வாழ்த்திக்கொண்டே வந்தாள். பேச்சிக்கனிக்குள் ஒரே ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பு.

அவள் மகள் வடிவுக்கு இது ஏழாம் மாதம். மருமகன் லாரியில் வடக்கே போயிருந்தான். வடிவும் தாயோடு அளத்தில்தான் உப்பு வாரினாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று பலகை இழுக்கும் பெண்ணைப் பார்த்து, வீட்டில் இருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் இருந்தால் அவள் பாத்தி அடுத்தவளுக்குப் போய்விடும். பிறகு பிள்ளை பெற்ற கையோடு வேலை கேட்டு வேறு அளத்து வாசலில் நிற்க வேண்டும். ஒரு மாதமாக அவளுக்கு மூச்சு இழுத்தது. பிள்ளை வளர்ச்சி போதவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புகையில்லாத இடத்தில் இரு என்றார்கள். அப்படி ஓர் இடத்தின் விலாசத்தை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் கருக்கலிலும் புகை வந்தது. முதலில் வருவது வாசனைதான், ஆயிரம் தீக்குச்சியை ஒன்றாய்க் கிழித்த மாதிரி. அப்புறம் அமுக்குகோபுரம் உறும, வானத்திலிருந்து அழுக்குப் போர்வையை இறக்கினாற்போல் மஞ்சள் இறங்கும். பெண்கள் சேலை முந்தியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு வாரிக்கொண்டே இருந்தார்கள். வடிவு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் நெஞ்சில் பூனை கத்தியது.

“எம்மா, முடியல” என்றாள்.

அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று.

உப்பளத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அளத்துக்குள் தீ ஆகாது. பாத்தியில் ஒரு துளி கரி விழுந்தாலும் குவித்த உப்பு அம்பாரம் முழுக்கக் கறுப்புப் புள்ளி தெரியும், வியாபாரி கையை உதறுவான். அதனால் ஆண்கள் பீடிகூட ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் பற்றவைப்பார்கள். பெண்கள் தூக்குச்சட்டியில் பழைய சோறு கொண்டுவந்து குளிரக் குளிரக் குடிப்பார்கள். டீக்கடை வைக்க வந்தவனை விரட்டி அடித்திருக்கிறார்கள். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. ஒருத்தரும் மீறினதில்லை. அதில் அவர்களுக்குப் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைதான் தங்களை வெள்ளையாக்கி வைத்திருக்கிறது என்று தெரிந்தபோது பேச்சிக்கனிக்குச் சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை.

“நாளைக்கு அடுப்பு வைக்கப் போறேன். பாத்தி வரப்புலயே” என்றாள்.

கங்காணி தவசிக்கண்ணுக்குக் கையில் இருந்த குடை நழுவிற்று.

“ஏ பேச்சி, புத்தி பெரண்டு போச்சா ஒனக்கு? அளத்துல தீயா? உப்பு என்னத்துக்கு ஆகும்?”

“இப்ப மட்டும் என்னத்துக்கு ஆகுதாம் அண்ணாச்சி? புகை படிஞ்சு பழுப்பால்லா கெடக்கு.”

“அதுக்கு வாரியம் மொதலாளிக்கு ஈடு குடுக்குதுல்லா.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். மொதலாளிக்கு உப்பு கறுத்தா நட்டமில்ல, வெளுத்தாத்தான் நட்டம். எம் மகளுக்கு எந்த வாரியம் ஈடு குடுக்குது?”

மற்றவர்களும் உடனே தலையாட்டிவிடவில்லை. அளத்துத் தெய்வம் உப்பாத்தா கோபிப்பாள் என்றாள் ஒருத்தி. வேலை போய்விடும் என்றாள் இன்னொருத்தி. அன்னபாக்கியம்தான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடுவில் வந்தாள்.

“ஏட்டி, உப்பாத்தா நம்மள மாதிரி பொம்பளதான? அவளுக்கும் மூச்சு முட்டத்தான செய்யும்? பொரிச்ச நெத்திலி வேண்டாம்னு எந்த ஆத்தா சொல்லுவா?”

சிரிப்பு வந்தது. சிரிப்போடு சம்மதமும் வந்தது, எல்லோரிடமிருந்தும் அல்ல, பாதிப் பேரிடமிருந்து.

மறுநாள் வரப்பில் மும்மூன்று கல்லாக வைத்து அடுப்பு மூட்டினார்கள். உடைமர விறகு படபடத்தது. சட்டியில் எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, சாளைக் கருவாடு விழுந்தபோது எழுந்த மணம் அளம் முழுக்கப் பரவிற்று. வரமாட்டேன் என்று ஒதுங்கி நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அன்னபாக்கியம் ஒரு தட்டுக் கருவாட்டை எடுத்துக்கொண்டுபோய், கம்பத்தின் அடியில் நின்று பெட்டியைப் பார்த்துக் கத்தினாள்.

“நல்லா மோந்து பாருவே! காரம் போதுமா, இன்னும் போடணுமா?”

புகை வழக்கம்போல் வந்து, வழக்கம்போல் இறங்கிற்று. கண்ணீரும் கருவாடுமாகக் காலை கழிந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். வாரியத்துக்குப் போன் போட்டுக் கேட்டபோது வித்யாதரன் அலுத்துக்கொண்டார். “ஒருநாள் ரெண்டுநாள் எரிஞ்சா கூட்டாஞ்சோறுன்னு மெஷின் தள்ளிரும். விடாம எரிஞ்சாத்தான் குடும்பம்னு எடுத்துக்கும்” என்று சொல்லிவிட்டு, எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். சும்மாதான் என்று பேச்சிக்கனி போனை வைத்துவிட்டாள்.

விடாமல் எரித்தார்கள். அம்பாரத்தில் கரி விழுந்தது. முதலாளி கங்காணியைத் திட்டினார். கங்காணி வேகு வேகென்று வந்து வடிவு குந்தியிருந்த அடுப்புக்கு முன்னால் காலை ஓங்கினார்.

“ஒதைங்க அண்ணாச்சி” என்றாள் பேச்சிக்கனி. குரலை உயர்த்தவில்லை. “சோறு ஒலை வச்சிருக்கா புள்ளத்தாச்சி. ஒதைச்சிட்டுப் போயி ஒங்க வீட்டு இலையில உக்காருங்க.”

ஓங்கின கால் அந்தரத்தில் நின்றது. எரிகிற அடுப்பை எட்டி உதைத்த கையோடு எந்த மனுஷனும் தன் வீட்டில் போய்ச் சோற்றில் கைவைக்க முடியாது. அது தவசிக்கண்ணுக்கும் தெரியும். காலைக் கீழே வைத்தார். பிறகு, “அடுப்ப வரப்பு ஓரமாத் தள்ளி வையிங்கட்டி, பாத்திக்குள்ள பொறி விழுது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு விடியலில் புகை வந்தது. வாசனை எட்டியது. அமுக்குகோபுரம் உறுமும் என்று எல்லோரும் முந்தியை நனைத்தார்கள். அது உறுமவில்லை. தலைக்கு மேல் வந்த மஞ்சள், மூக்கணாங்கயிற்றைச் சுண்டின மாடு போலத் திரும்பி, அப்படியே கிழக்கே கடல்பக்கம் போய்விட்டது. பேச்சிக்கனி பலகையைக் கீழே போட்டாள். வடிவு மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தாள், வெளியே விட்டாள், மறுபடியும் இழுத்தாள். ஏதோ திருடித் தின்கிறவள் மாதிரி சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டே இழுத்தாள். அதைப் பார்த்து அன்னபாக்கியம் குலவையிட்டாள்.

அந்த வாரம் அவர்கள் உப்பு வாரினதைவிடப் பாடினது அதிகம்.

வாரக் கடைசியில் செலஸ்தீனா வந்தாள். கரையிலிருந்து மீனும் கருவாடும் கொண்டுவந்து அளத்துப் பெண்களுக்கு விற்கிறவள். அன்றைக்குக் கூடை காலியாக இருந்தது. அதைப் பேச்சிக்கனி காலடியில் வீசினாள்.

“கருவாடு நல்லா மணக்குதா பேச்சி? ஏங்கிட்ட வாங்குன கருவாடுதான?”

“என்னட்டி ஆச்சு?”

“எங்க வீட்டுக்காரரு கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்காரு. வலை இழுக்கப் போன எடத்துல மஞ்சளா எறங்குச்சாம். பத்து வள்ளம் திரும்பி வந்திருக்கு, ஒரு மீனு இல்லாம. மூச்சு விட முடியாம வாயால இழுத்துக்கிட்டு வந்தாவ. கடல்ல ஆள் இல்லைன்னு ஒங்க மூக்குக்கு யாருட்டி சொன்னது?”

வள்ளத்தில் அடுப்பு கிடையாது. பெட்ரோல் மோட்டாரை வைத்துக்கொண்டு எவன் தீ மூட்டுவான்? கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவார்கள். கடலில் மிதவைமேல் வாரியம் வைத்திருந்த மூக்குகளுக்கு அவர்கள் இல்லாதவர்கள்.

பேச்சிக்கனிக்கு முதலில் வந்தது கோபம்தான். நாங்க மட்டும் சாகணுமா என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பிறகுதான் வெட்கம் வந்தது. புகை தலைக்கு மேல் திரும்பின அன்றைக்கு அவள் கண்ணால் பார்த்தாள், கிழக்கே போகிறதென்று. கிழக்கே யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். நினைக்கவில்லை, அவ்வளவுதான். வாரியத்துக்காரனும் இப்படித்தான் நினைக்காமல் இருந்திருப்பான்.

“வா” என்றாள்.

“எங்க?”

“கரைக்கு. அடுப்பு எடுத்துட்டு வாரேன்.”

“வள்ளத்துல தீய வச்சா எரிஞ்சிரும்ட்டி, லூசு.”

“மண்ணெண்ணெய் டின்ன அறுத்து, பாதிக்கு மணல் போட்டு, அதுக்குள்ள வைப்போம். மோட்டார் அந்தத் தலையில, அடுப்பு இந்தத் தலையில.”

சொன்ன மாதிரி எளிதாக நடக்கவில்லை. முதல் நாளே அலை தூக்கிப் போட்டதில் கொதிக்கிற எண்ணெய் செலஸ்தீனாவின் கணவன் சந்தியாகுவின் முழங்கையில் கொட்டிற்று. ஏற்கெனவே கண் வீங்கினவன், இப்போது கையில் வாழையிலை சுற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்து எல்லோரையும் ஏசினான். ஏசிவிட்டு மறுநாள் மற்றவர்களோடு கடலுக்கும் போனான். நடுக்கடலில் பத்து இடத்தில் மீன் பொரிகிற மணம் எழுந்தது. எங்கள் வாழ்நாளில் பிடித்த மீனைப் பிடித்த இடத்திலேயே தின்றது இப்போதுதான் என்று வள்ளக்காரர்கள் சொன்னார்கள்.

சில நாளில் கடல் பச்சையாயிற்று.

புகை இடம் தேடி அலைந்தது. உடங்காட்டுப் பக்கம் இறங்கப் பார்த்தது. அங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்தவர்களுக்கு இந்தத் தடவை பேச்சிக்கனி முன்கூட்டியே ஆள் அனுப்பியிருந்தாள். அவர்கள் அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. வாரியத்திலிருந்து ஜீப் வந்து, அனுமதியில்லாமல் வாசனை கிளப்புவது குற்றம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் போனது. எந்தச் சட்டத்தில் என்று அன்னபாக்கியம் கேட்டதற்கு ஜீப் பதில் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் மஞ்சள் மேற்கே போயிற்று. நெடுஞ்சாலையோரம் ஆலை மேலாளர்களும் வாரியப் பொறியாளர்களும் குடியிருக்கும் கண்ணாடி மாளிகைகள் அங்கே இருந்தன. இருபது மாடி, முப்பது மாடி. புகை அந்த மாளிகைகளின் உச்சியைத் தொட்டு, வழுக்கிக்கொண்டு கீழே இறங்குவது அளத்திலிருந்தே தெரிந்தது.

தவசிக்கண்ணுதான் விவரம் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். “அங்க எவனும் சமைக்க மாட்டானாம்ட்டி! சோறு எங்கயோ பெரிய கொட்டகையில ஆக்கிப் பொட்டியில வருமாம். சன்னல் ஒண்ணையும் தெறக்கவே முடியாதாம். மூக்கு மோந்து பாத்திருக்கு, அடுப்பே இல்ல. ஆள் இல்லாத எடம்னு முடிவு பண்ணிருச்சு!”

உப்பளம் அதிரச் சிரித்தார்கள். அன்னபாக்கியம் வரப்பில் ஆடியே விட்டாள். பேச்சிக்கனியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆண்டவன் ஒருத்தன் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள்.

வடிவு மட்டும் சிரிக்கவில்லை. “எம்மா, குருவம்மா அத்தை அங்கதான வாசப் பெருக்குதா?” என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

குருவம்மா பேச்சிக்கனியின் தம்பி பெண்டாட்டி. கண்ணாடிக்குள் இருப்பவர்களுக்கு வடிகட்டின காற்று குழாயில் வருகிறது. விடியலில் வெளியே நிற்பவர்கள் யார்? பெருக்குகிறவர்கள், காவலுக்கு நிற்கிறவர்கள், கார் துடைக்கிறவர்கள், சோற்றுப் பெட்டி சுமந்து வருகிறவர்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் புகை இறங்குவது ஒரே சாதி நெஞ்சுக்குள்தான். நல்லா வேணும் என்று சிரித்த வாய் பேச்சிக்கனிக்குக் கசந்தது.

“சட்டியத் தூக்குங்கட்டி” என்றாள்.

“அவனுகளக் காப்பாத்தவா?” என்று அன்னபாக்கியம் சீறினாள். “கெடக்கட்டும் பேச்சி, ஒரு மாசம் கெடக்கட்டும். அப்பத்தான் தெரியும்.”

“அவனுகளுக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணாடி இருக்கு. குருவம்மா செத்தாலும் அவனுகளுக்குத் தெரியாது, வேற ஆள் வந்து பெருக்குவா. தூக்கு.”

மறுநாள் கருக்கலில் மாளிகைகளுக்கு நடுவே ஓடும் சிமெண்டுச் சாலையில், நீரூற்றுக்குப் பக்கத்தில், அடுப்பு எரிந்தது. காவல்காரர்கள் தடுக்க வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு இருமல். ஒருவர் தன் தடியை ஒடித்து அடுப்பில் வைத்தார். குருவம்மா துடைப்பத்தை ஓரமாய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். கார் துடைக்கிற ஆண்கள் கல் எடுத்து வந்தார்கள். செலஸ்தீனா கரையிலிருந்து ஒரு கூடை நெத்திலி கொண்டுவந்திருந்தாள், கூலியும் கேட்கவில்லை, விலையும் சொல்லவில்லை. சேதி பரவி வேறு ஊர்களிலும் வேலை இடங்களில் அடுப்பு மூட்டினார்கள். இங்கேயும் அடுத்தடுத்த விடியலில் அடுப்புகள் கூடின. கீழே எரிகிற தீ கண்ணாடிச் சுவர்களில் மாடி மாடியாகத் தெரிந்தது.

சன்னல்களுக்குப் பின்னால் முகங்கள் வந்து வந்து போயின.

அப்படி ஒரு காலையில் லிப்டிலிருந்து வித்யாதரன் இறங்கி வந்தார். இரவு உடை, முகத்தில் முகமூடி, கையில் ஒரு புது இரும்புச் சட்டி. அதன் அடியில் கடைக்காரன் ஒட்டின விலைச்சீட்டு அப்படியே இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் வந்து, எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றார்.

“வீட்டுல சமைக்கச் சொல்லி எல்லா மாடிக்கும் சுற்றறிக்கை வந்திருக்கு” என்றார். முகமூடிக்குள் குரல் புதைந்து வந்தது. “எங்க வீட்டுல யாருக்கும் பத்தவைக்கத் தெரியல. கொஞ்சம்... தீ வேணும்.”

அன்னபாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். முதுகு குலுங்கிற்று. பேச்சிக்கனி சிரிக்கவில்லை. எரிகிற கட்டை ஒன்றை உருவி ஓரமாய் வைத்து, இரண்டு கல்லை நகர்த்தினாள்.

“உக்காருங்க சாரு. சட்டிய மொதல்ல கழுவணும். சீட்டக் கிழிங்க.”

அவர் நடைபாதையில் உட்கார்ந்தார். குருவம்மா அவர் சட்டியைக் கழுவி அடுப்பேற்றி எண்ணெய் ஊற்றினாள். மேலே வானம் வழக்கத்துக்கு மாறாகத் துல்லியமாக இருந்தது. கோபுரங்களின் உறுமல் இல்லை என்பது பேச்சிக்கனிக்கு அப்போதுதான் உறைத்தது.

“சத்தத்தையே காணும்?”

வித்யாதரன் முகமூடியைக் கழற்றினார். சவரம் செய்யாத முகம். “திரை முழுக்கப் பச்சை” என்றார். “நேத்து ராத்திரியோட கடைசி வெள்ளையும் போச்சு. கல்லுக்குவாரி, சுடுகாடு, பனங்காடு, எங்க பாத்தாலும் அடுப்பு. மெஷின் புகைய எங்கயும் இறக்க மாட்டேங்குது. மாவட்டத்துக்கு வெளிய விட்டா கோர்ட்டு அவமதிப்பு.”

“அப்ப புகை?”

“புகை இல்ல.” அவர் சட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னார். “நாலு உலையையும் அணைச்சிட்டாங்க.”

யாரோ பெருமூச்சு விட்டார்கள். செலஸ்தீனா சிலுவை போட்டுக்கொண்டாள். பேச்சிக்கனி அவர் முகத்தையே பார்த்தாள்.

“மாசக்கணக்காகும், நடக்காத காரியம்னிய?”

அவர் முகமூடியை மடித்துப் பையில் வைத்தார். “இன்னைக்கு ஒரு நாளைக்குத்தாம்மா. ராத்திரி அமைச்சரோட கூட்டம் இருக்கு. நாளைக்கு என்ன செய்யறதுன்னு...”

எண்ணெய் காய்ந்து லேசாகப் புகைய ஆரம்பித்திருந்தது. பேச்சிக்கனி ஒரு பிடி நெத்திலியை அள்ளி அவருடைய சட்டியில் போட்டாள். சடசடவென்று பொரிந்த சத்தத்தில் அவர் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

“மொத நாள்தான் சாரு கஷ்டம்” என்றாள் அவள். “திருப்பிப் போடுங்க, கருகிரும்.”